தாடிக்கு வெண்ணெய், தலைக்கு இலுப்பெண்ணெய்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டவர்களை எழுப்பிக் கேள்வி கேட்பேன், பழக்கம் போகவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு என் இளையவன் சென்னையிலிருந்து வந்திருந்தான். முகம் தெரியாத அளவுக்குத் தாடி. வந்த மறுநாள் காலையில் அவன் அம்மாவின் அடுக்களைக்குள் புகுந்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் கிண்ணம் ஒன்றை இறக்கி எதையோ உருக்கிக்கொண்டிருந்தான். "என்னடா, அல்வாவா?" என்றேன். "தாடிக்குப்பா. பியர்டு கண்டிஷனர். கடையில சின்ன டப்பாவே ஐந்நூறு ரூபா சொல்றான். வீட்லயே செஞ்சுக்கலாம்" என்றான்.

நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் தேன்மெழுகு 10 கிராம். அது உருக 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் அதற்குத்தான் முதல் இடம். பிறகு வெண்ணெய் இரண்டு வகை, ஒவ்வொன்றும் 15 கிராம். பிறகு தேங்காய் எண்ணெய் 20 கிராம், விளக்கெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இறக்கி வைத்துச் சூடு தணிந்ததும் சந்தன எண்ணெய் நாலு சொட்டு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்குமாம், வெண்ணெய் மேலே பூச்சாக நின்று ஈரத்தைக் காக்குமாம், மெழுகு முடியைப் படிய வைக்குமாம். நான் பாடம் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் உள்ளே ரவை கிளறிய மாதிரி குருணை குருணையாக இருந்தது! மெதுவாக ஆறினால் அந்த வெண்ணெயில் உள்ள கெட்டிக் கொழுப்பு தனியாகத் திரண்டுவிடும். மறுபடி உருக்கிக் குளிர்பெட்டியில் வைத்து வேகமாக ஆற வைத்தான், வழவழவென்று வந்துவிட்டது. செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது அந்த இரண்டு வெண்ணெய்களைப் பற்றி. ஒரு பொட்டலத்தில் 'ஷியா பட்டர்' என்று இருந்தது. இன்னொன்றில் 'இலிப்பே பட்டர்'. இரண்டாவது பெயரை நான் இரண்டு முறை வாசித்தேன். இலிப்பே. நம் இலுப்பையா? அன்று தேடத் தொடங்கியவன் ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன்.

தாடிக்குக் கொழுப்புத் தடவுவது இன்றைய நாகரிகம் என்று நினைத்தால் தவறு. அசீரிய அரசர்களின் கற்சிற்பங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், நிம்ரூதில் கிடைத்து லண்டன் அருங்காட்சியகத்தில் இருப்பவை. ஒவ்வொரு தாடியும் சுருள் சுருளாக, வரிசை பிசகாமல் இருக்கும். எண்ணெய் இல்லாமல் அந்த ஒழுங்கு வந்திருக்குமா? அந்த நாட்டு எண்ணெய் நல்லெண்ணெய்தான், எள் அங்கே பெரும் பயிர். எபிரேயரின் சங்கீதம் 133இல் ஆரோனின் தாடியில் அபிஷேகத் தைலம் வழிகிற காட்சி வருகிறது. எகிப்தியர் மட்டும் விசித்திரமானவர்கள். முகத்தை மழித்துக்கொண்டு, அரசருக்கு மட்டும் கட்டுத்தாடி மாட்டினார்கள். ஹட்ஷெப்சுட் என்ற அரசியும் அந்தத் தாடியோடுதான் சிலைகளில் நிற்கிறாள். அவர்களுடைய எபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடி சுமார் கி.மு. 1550ஐச் சேர்ந்தது. அதில் வழுக்கைக்கு ஒரு மருந்து: சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, வரையாடு இவற்றின் கொழுப்பைக் கலந்து தடவ வேண்டும். நீர்யானையிடம் போய்க் கொழுப்புக் கேட்டவரின் கதி என்ன ஆனதோ, சுவடி சொல்லவில்லை.

ஐரோப்பாவிலும் வெகுகாலம் மிருகக் கொழுப்புத்தான். பன்றிக் கொழுப்போடு ஆப்பிளைச் சேர்த்துக் குழைத்ததால்தான் 'பொமேடு' என்ற பெயரே வந்தது. ஆப்பிளுக்கு பிரெஞ்சில் 'பொம்'. லண்டனில் கரடிக் கொழுப்பு பேர் பெற்றது. கரடிக்கு உடம்பெல்லாம் முடி, அதன் கொழுப்பைத் தடவினால் நமக்கும் வளரும் என்பது கணக்கு. டப்பாவில் பாதிக்கு மேல் பன்றிக் கொழுப்பு என்பது வேறு விஷயம்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் முடிதிருத்துநர் அலெக்சாண்டர் ரோலண்டு 'மக்காசர் எண்ணெய்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். மக்காசர் என்பது இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள துறைமுகம். விளம்பரம் என்றால் அப்படி ஒரு விளம்பரம். கவிஞர் பைரன் 1819இல் வெளியிட்ட 'டான் ஜுவா'னில் அந்த எண்ணெயைப் பெயர் சொல்லியே கிண்டல் செய்திருக்கிறார். ஆண்கள் தலையில் வழிய வழியப் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்கள். வீட்டுப் பெண்கள் மெத்தை பாழாகிறதே என்று சாய்மானத்தின் மேல் துணி விரித்தார்கள். அந்தத் துணிக்கு 'ஆன்டிமக்காசர்', மக்காசருக்கு எதிரி, என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் பெரிய அத்தை வீட்டு சோபாவில் குரோஷா பின்னல் விரிப்பு இருக்குமே, சொகுசுப் பேருந்தில் தலைப்பக்கம் வெள்ளை உறை மாட்டியிருப்பார்களே, அவற்றின் பூர்வீகம் இதுதான்.

கிரீமியப் போர்க் குளிரில் தாடி வளர்த்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1856இல் ஊர் திரும்பியபோது வீரர்கள் என்ற பேரோடு வந்தார்கள். வங்கி குமாஸ்தா வரை எல்லாரும் தாடி விட ஆரம்பித்தார்கள், எண்ணெய்க்காரர்களுக்கு நல்ல காலம். பிறகு கில்லெட்டின் பிளேடு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்கு 35 லட்சம் சவரக் கருவிகளைக் கொடுத்ததாகக் கணக்கு. தாடியும் போயிற்று, தைலமும் போயிற்று.

இனி அந்த இரண்டு பொட்டலங்களுக்கு வருகிறேன்.

ஷியா மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் மரம். 1352இல் மாலிப் பேரரசுக்குப் போன இபின் பதூதா, அங்கே ஒரு பழக்கொட்டையை இடித்து எண்ணெய் எடுத்து, சமைக்கிறார்கள், விளக்கெரிக்கிறார்கள், உடம்பில் பூசுகிறார்கள், மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவரிலும் பூசுகிறார்கள் என்று எழுதிவைத்தார். அது ஷியாதான் என்கிறார்கள் அறிஞர்கள். பிறகு ஸ்காட்லாந்துக்காரர் முங்கோ பார்க் 1795 முதல் 1797 வரை நைஜர் ஆற்றைத் தேடி அலைந்து, 1799இல் பயண நூல் வெளியிட்டார். பசு வெண்ணெயைவிட வெண்மை, உப்பிடாமலே ஓராண்டு கெடாது என்று ஷியாவைப் புகழ்ந்திருக்கிறார். கொட்டையை அவித்து, உலர்த்தி, இடித்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து கொழுப்பை மிதக்க வைப்பது முழுக்கப் பெண்களின் வேலை, இன்றும்.

இப்போது நம் மண்ணுக்கு வாருங்கள். தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலம். 1768இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார் ஜோஹன் கெர்ஹார்டு கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை உண்டாக்கிய லின்னேயஸின் மாணவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி கொடி. இலுப்பைக்கு 'பாசியா லாங்கிஃபோலியா' என்ற அறிவியல் பெயர் 1771இல் லின்னேயஸின் நூலில் வந்தது, கோனிக் தந்த விவரத்தின் பேரில். (பாசி என்பவர் இத்தாலியத் தாவரவியலாளர், அவர் நினைவாக.) இன்று அது 'மதுகா லாங்கிஃபோலியா' ஆகிவிட்டது. ஆனால் கேளுங்கள்: பிற்காலத்தில் ஷியாவுக்கும் 'பாசியா பார்க்கி' என்றே பெயர் வைத்தார்கள், அதே பேரினத்தில். பெயர்கள் பிறகு பிரிந்தாலும் குடும்பம் ஒன்றுதான். சப்போட்டாக் குடும்பம். நம் மகிழமரமும் அதில்தான் சேர்த்தி. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து என் வீட்டு அடுக்களையில் உருகிய வெண்ணெய், நம் குளத்தங்கரை இலுப்பைக்குப் பங்காளி.

அப்படியானால் அந்த 'இலிப்பே'? பெயர் நம்முடையதேதான், இலுப்பை என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் அப்படி ஆயிற்று. ஆனால் பொட்டலத்தில் இருந்தது நம் இலுப்பை இல்லை. போர்னியோத் தீவின் தெங்காவாங் என்ற மரத்தின் கொழுப்பு. அது சால மரத்தின் இனம், இலுப்பைக்கு உறவே கிடையாது. விதை வணிகர்களின் புழக்கத்தில் பெயர் மெல்ல இடம் மாறி, இன்று சாக்லேட்டிலும் தாடிப் பூச்சிலும் 'இலிப்பே' என்றால் போர்னியோதான். நம் மரம் பெயரைக் கொடுத்துவிட்டு இங்கேயே நின்றுவிட்டது.

நின்றதாவது முழுசாக நின்றதா? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழி சொன்னவர்கள் நாம். இலுப்பூர், இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே பேர் வைத்தோம். மணல்மேடு பக்கத்து இலுப்பைப்பட்டுக் கோயிலில் இலுப்பைதான் தலமரம். எண்ணெய் கோயில் விளக்குக்கு. பிண்ணாக்கு அரப்பாகத் தலைக்கு, நுரைத்து அழுக்கெடுக்கும். (கொங்குப் பக்கத்து மாணவர்கள் சண்டைக்கு வராதீர்கள், உங்கள் அரப்பு உசிலை இலை என்பது தெரியும்.) மண்ணெண்ணெய் வந்தது, மின்சாரம் வந்தது, பாக்கெட் எண்ணெய் வந்தது. பலகைக்காக மரங்கள் போயின. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியிலிருந்து ஆற்றங்கரை வரை பதினோரு மரம். இப்போது ஒன்று.

இலுப்பெண்ணெய் என்றதும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1987. நான் ஆசிரியராகி சில ஆண்டுகள்தான். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், காலை வழிபாட்டில் தலை பார்ப்பேன். எண்ணெய் வைக்காமல் வந்தால் திருப்பி அனுப்புவேன். ஒழுங்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நானும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து வறண்ட தலையோடு வந்தான். அனுப்பினேன். மறுநாள் தலை பளபளக்க வந்தான், ஆனால் வாடை. இலுப்பெண்ணெய். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னடா, கோயில் விளக்கு எழுந்து நடந்து வருது?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் பெயரே 'கோயில் விளக்கு' ஆகிவிட்டது.

நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா வந்தார். ஆற்றங்கரையில் இலுப்பைக்கொட்டை பொறுக்கிச் செக்கில் கொடுத்துப் பிழைப்பவர். வாசலிலேயே நின்று, "தேங்கா எண்ணெ வாங்க வழியில்ல சார். இது ஒண்ணுதான் வீட்ல இருக்கு. எண்ணெயோட அனுப்பட்டுமா, எண்ணெ இல்லாம அனுப்பட்டுமா, நீங்களே சொல்லிடுங்க" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எப்படி வேணா அனுப்பும்மா" என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, சார் மன்னிப்புக் கேட்பது என்ற வழக்கம் அன்று இல்லை. தலை பார்ப்பதை அந்த வாரத்தோடு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்து அவன் போகும்வரை அந்தப் பட்டப்பெயர் மட்டும் நிற்கவில்லை.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அன்று நான் சொன்னது தப்பு. உன் அம்மா இருந்தால் அவரிடமும் சொல்லு.

இளையவன் சென்னை திரும்பியதும் நானே ஒரு முறை செய்து பார்த்தேன். நாட்டு மருந்துக் கடையில் இலுப்பெண்ணெய் கால் லிட்டர் கிடைத்தது. மார்கழிக் குளிரில் தானே உறைகிற எண்ணெய், ஆனால் ஷியா அளவுக்குக் கெட்டி இல்லை. அதனால் மெழுகைக் கூட்டினேன்: இலுப்பெண்ணெய் 30 கிராமுக்குத் தேன்மெழுகு 12, தேங்காய் எண்ணெய் 10. பங்குனி வெயிலிலும் டப்பாவில் ஒழுகாமல் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு நானும் நரைத்தாடிதானே, இரண்டு வாரமாகத் தடவுகிறேன். முள்ளாகக் குத்தியது பஞ்சாகிவிட்டது. வாடைக்கு வெட்டிவேரைப் பத்து நாள் எண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தேன், பாதி குறைந்தது. வீட்டுக்காரம்மா இன்னும் எட்டித்தான் உட்காருகிறார். புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், ஒத்துக்கொண்டால் முகத்துக்குப் போகலாம்.

எண்ணெய்க் கடைச் சரக்கு எத்தனை சுத்தமோ. ஆனி, ஆடியில் எங்கள் ஒற்றை மரம் கொட்டை உதிர்க்கும். செக்குக்காரரிடம் பேசிவிட்டேன். இலுப்பையை ஆட்டினால் செக்கில் வாடை பிடிக்கும், அதனால் ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் போடமாட்டேன் என்கிறார். எங்கள் மரத்தில் இரண்டு கிலோ தேறினால் அதிகம். உங்கள் ஊர்ப் பக்கம் இலுப்பை நின்றால் கொட்டையைப் பொறுக்கி, ஓடு நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சொல்லி அனுப்புங்கள். மிச்சம் மூன்று கிலோதான்.