42.195 கிலோமீட்டர்: இந்தத் தூரம் யாருக்காக?

ஜூன், ஜூலை வந்துட்டா ஒரே கேள்வி வேற வேற குரல்ல வரும். "ஜனவரியில சென்னை மாரத்தான். நான் இதுவரைக்கும் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான் ஓடியிருக்கேன். என்னால முடியுமா?"

அட்டவணை வேணும்னா போன்ல இருக்கிற ஏதாவது ஒரு ஆப் கொடுத்துடும். ஆனா அந்தக் கேள்விக்கு அடியில இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. "இது என்னை மாதிரி ஆளுங்களுக்கானதா?" இதுக்கு ஆப் பதில் சொல்லாது, வரலாறு சொல்லும். இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

அந்த விநோத எண்

முதல்ல 42.195. கோட் எழுதுறவங்களுக்கு இந்த மாதிரி எண் பழக்கமானது. பழைய புரோகிராமுக்குள்ள யாரோ எப்பவோ போட்டுட்டுப் போன ஒரு மதிப்பு. ஏன் அந்த மதிப்புன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, மாத்தவும் பயம்.

1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது மாரத்தான் ஓட்டத்தைச் சேர்க்கச் சொன்னவர் மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞர். மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடி வந்து விழுந்து இறந்த வீரனின் பழங்கதைதான் அவருக்குத் தூண்டுதல். அன்றைய தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர்.

1908-இல் லண்டன். ஓட்டம் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று ஏற்பாடு. அளந்து பார்த்தால் 26 மைல், 385 கெஜம். அதுதான் 42.195 கிலோமீட்டர். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தூரம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தது. 1921-இல்தான் சர்வதேச தடகளச் சம்மேளனம் லண்டன் அளவையே நிரந்தரமாக்கியது.

அதாவது, மனித உடம்பை ஆராய்ந்து யாரும் இந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கல. ராஜா வீட்டு வாசலும் ராஜா உட்கார்ற இடமும் சேர்ந்து முடிவு பண்ண தூரம். 35-வது கிலோமீட்டர்ல கால் கெஞ்சும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

தண்ணீர் கொடுக்காதே, தண்ணீர் குடி குடி

அடுத்தது 1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். வெயில் 32 டிகிரியைத் தொட்டது. நம்ம ஊருக்கு அது சாதாரணம். ஆனால் பாதை புழுதி நிறைந்த மண் சாலை. உடம்பில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்ட ஓர் அமைப்பாளர், வழியில் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்துவிட்டார். 32 பேர் கிளம்பினார்கள். முடித்தவர்கள் 14 பேர். ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கொடுக்கப்பட்டது ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சும் பிராந்தியும். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 28 நிமிடம்.

நூறு வருஷம் கழிச்சு கதை தலைகீழாச்சு. தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி, முடிஞ்ச அளவு குடின்னு அறிவுரை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களிடமும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இந்தப் பிரச்சினை அதிகம் தெரிந்தது. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம்.

மெதுவா ஓடுறவங்க யாரு? முதல் தடவை ஓடுற நாமதான். சென்னையில நாலு, அஞ்சு மணி நேரம் வியர்வை கொட்ட ஓடி, ஒவ்வொரு ஸ்டால்லயும் வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே போனா அது பாதுகாப்பு இல்ல. தாகத்துக்குக் குடிங்க, உப்பும் சேர்த்துக்கோங்க. நீண்ட ஓட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பார்த்தா உங்க உடம்பு எவ்வளவு நீரை இழக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

நந்தனத்துக்கும் ஒலிம்பிக்குக்கும் என்ன சம்பந்தம்?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். புத்தகக் காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போயிருப்பீங்க. பை நிறையப் புத்தகம், கையில மிளகாய் பஜ்ஜி. அந்த வளாகத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரியைச் சென்னையில் 1920-இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். ஆசியாவின் ஆரம்பகால உடற்கல்விக் கல்லூரிகளில் அது ஒன்று. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் இதே பக்தான். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக உழைத்தவர்களிலும் அவர் ஒருவர். ஓடுவதற்கும் விளையாடுவதற்கும் முறையாகப் பயிற்சி கொடுக்க வேண்டும், அதற்கு ஆசிரியர்கள் வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் பரவ, இந்த இடம் பெரிய காரணம்.

அதே 1920-இல் இன்னொன்றும் நடந்தது. புனேயில் நடந்த போட்டிகளில் செருப்பே இல்லாமல் ஓடிய விவசாயக் குடும்பத்துப் பையன்களைப் பார்த்து வியந்த தோராப்ஜி டாட்டா, சிலரை ஒலிம்பிக்குக்கு அனுப்ப முன்னின்றார். அப்படி ஆன்ட்வெர்ப் போனவர் பெல்காம் பகுதியின் படேப்பா சௌகுலே. அந்த ஆண்டு தூரம் 42.75 கிலோமீட்டர், இன்றைய மாரத்தானைவிட அரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். சௌகுலே 2 மணி 50 நிமிடத்தில் ஓடி 19-வது இடம் பிடித்தார். கார்பன் பிளேட் ஷூ கிடையாது, ஜெல் கிடையாது, பதினாறு வார அட்டவணையும் கிடையாது.

அவருக்குப் பின் வந்த பெரிய பெயர் சிவ்நாத் சிங். பிகாரைச் சேர்ந்த ராணுவ வீரர், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வது இடம். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்த தேசிய சாதனை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது.

இதைக் கேட்டுட்டு "அப்ப ஷூவே வேண்டாமா?"ன்னு கிளம்பிடாதீங்க. சின்ன வயசுலேர்ந்து வெறுங்காலில் நடந்த கால் வேற, பத்து வருஷமா ஏசி ரூம்ல நாற்காலிக்கு அடியில தூங்குற கால் வேற. நான் சொல்ல வர்றது இதுதான்: இந்தியாவில் மாரத்தான் பணக்காரப் பொழுதுபோக்கா ஆரம்பிக்கல. பதிவுக் கட்டணம், வாட்ச், ஷூன்னு கூட்டிப் பார்த்தா இன்னிக்கு அது அப்படித் தெரியுது, அவ்வளவுதான்.

இதய நோயாளிகள் கொடுத்த பாடம்

சரி, சாதாரண ஆளும் மாரத்தான் ஓடலாம்ங்கிற யோசனை எங்கேர்ந்து வந்துச்சு? நியூசிலாந்திலிருந்து.

ஆர்தர் லிடியார்ட். ஷூ தொழிற்சாலையில் வேலை, கூடவே வீடு வீடாகப் பால் ஊற்றும் வேலை. தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: முதலில் பல வாரங்கள் மெதுவாக, அதிக தூரம் ஓடி அஸ்திவாரம் போடு, வேகத்தைக் கடைசியில் சேர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம்.

பிறகு லிடியார்ட் அதே முறையை ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் மாரடைப்பு வந்து மீண்டவர்களும் இருந்தார்கள். மாரடைப்பு வந்தவர் படுக்கையில் கிடக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1962-இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தன்னைவிட மூத்த ஓர் இதய நோயாளியோடு சேர்ந்து ஓட முடியாமல் மூச்சு வாங்கிப்போனார். ஊர் திரும்பி ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார். ஃபில் நைட்டோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஷூ வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது.

உங்க ஆப்ல "ஈஸி ரன்"னு போட்டிருக்கே, அதுக்குப் பின்னாடி இந்தக் கதைதான் இருக்கு. பக்கத்துல ஓடுறவரோட நேத்து ராத்திரி மேட்ச் பத்தி முழு வாக்கியமா பேச முடியணும். முடியலன்னா வேகம் ஜாஸ்தி. இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே தேறிடும். எலும்பும் தசைநாரும் தேற மாசக்கணக்காகும். புதுசா ஓடுறவங்களுக்கு மூணாவது மாசம் முழங்காலும் கெண்டைக்காலும் தகராறு பண்றதுக்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். நாகேஸ்வர ராவ் பூங்கா அமிர்தாஞ்சன் நிறுவனர் பேர்ல இருக்கிறது தற்செயல்தான். ஆனா அங்கே ஓட ஆரம்பிக்கிறவங்களுக்குப் பொருத்தமான பேர்.

கதவு எல்லோருக்கும் திறந்ததா?

பெண்களுக்கு இந்தக் கதவு ரொம்ப நாள் மூடியே கிடந்தது. 1966-இல் பாபி கிப் புதரில் ஒளிந்திருந்து பாஸ்டன் மாரத்தானில் கலந்து ஓடினார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியபோது, ஓர் அதிகாரி ஓடி வந்து அவரைப் பிடித்து இழுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-இல்தான். அதாவது நம்ம அம்மாக்கள் பள்ளிக்கூடம் போன காலம் வரைக்கும் அப்படி ஒரு போட்டியே கிடையாது.

இன்னிக்குத் தடை வேற மாதிரி. விடிகாலை நாலரை மணிக்கு ஒரு பொண்ணு தனியா அடையாறு பாலத்துல ஓட முடியுமா? 2006-இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்கள் ஏரியா வாரியா சேர்ந்து ஓடுறது வெறும் உற்சாகத்துக்காக மட்டும் இல்ல. பல பேருக்கு அந்தக் கூட்டம்தான் அனுமதிச் சீட்டு.

அப்ப, நம்ம கணக்கு

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே இங்க போட்டா உதைக்கும். ஜனவரி ஓட்டத்துக்குத் தயாராகணும்னா ஜூலையில ஆரம்பிக்கணும். அப்ப புழுக்கம். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா உழைக்கும். அதனால அந்த மாசங்கள்ல வாட்ச் காட்டுற வேகத்தை மறந்துடுங்க. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை. நீண்ட ஓட்டங்கள் வர வேண்டிய வாரத்துலதான் தி.நகர்ல முழங்கால் தண்ணி நிக்கும். ரெண்டு மூணு ஞாயிறு போகும்னு முன்கூட்டியே கணக்குல வச்சுக்கோங்க.

வாரம் மூணு நாலு நாள் ஓட்டம், அதுல ஒண்ணு நீளமானது. மூணு வாரம் ஏத்தி, நாலாவது வாரம் இறக்குங்க. அதிகபட்சம் 30, 32 கிலோமீட்டர் போதும். உடம்புல சேமிச்ச மாவுச்சத்து பெரும்பாலும் அங்கேதான் தீர்ந்துபோகும், அதனால ஓடிக்கிட்டே சாப்பிடவும் பழகணும். கடைசி ரெண்டு மூணு வாரம் தூரத்தைக் குறைங்க. நடுவுல நடக்கிறது தோல்வி இல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, குடும்பத்துல இதய நோய் இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க.

ஜூலையில ஆரம்பிக்கிறவங்களுக்கு டிசம்பர்ல அரை மாரத்தான்தான் நியாயமான இலக்குன்னு தோணலாம். அதுவே போதும். 21 கிலோமீட்டர் ஓடிட்டு, முழு தூரத்தை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம். ராஜா உட்கார்ற இடம் எங்கேயும் போகாது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.