‘சாயூர்’ என்றால் சைவம் அல்ல: பல்கலைக்கழக கேண்டீனில் மரக்கறிச் சாப்பாடு

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். துணிமணி, தலையணை, வாளி, கட்டணப் பணம் என்று எல்லாம் அதில் வரும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. “அங்கேதான் கேண்டீன் இருக்கிறதே!” என்று விட்டுவிடுகிறார்கள். மரக்கறி சாப்பிடும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே நிலைமை புரிந்துவிடும். கேண்டீனில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. நம்பிச் சாப்பிடக்கூடிய காய்கறிக்குத்தான் பஞ்சம்.

இது பிறவியிலிருந்தே சைவமாக இருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி மட்டும் மரக்கறி சாப்பிடுபவர்கள்தான் அதிகம். புரட்டாசி மாதம், கந்த சஷ்டி, தைப்பூச விரதம், ஐயப்பனுக்கு மாலை போடும் நாட்கள் என்று கணக்கிட்டால், ஆண்டில் பல வாரங்கள் சைவம் தேடும் மாணவர்கள் ஒவ்வொரு வளாகத்திலும் இருப்பார்கள். தோட்டத்தில் இருந்தவரை அம்மா தனிச் சட்டியில் சமைத்துக் கொடுத்திருப்பார். விடுதியில் அந்தச் சட்டி இல்லை.

மலாய் மொழியில் ‘சாயூர்’ என்றால் காய்கறி, அவ்வளவுதான். அதில் வேறெதுவும் சேரவில்லை என்று அந்தச் சொல் உறுதி தருவதில்லை. கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும். அது புளிக்கவைத்த இறால். சாயூர் லோடேவிலும் தேங்காய்ப் பால் ஊற்றிய மற்ற கறிகளிலும் பெரும்பாலும் காய்ந்த இறாலை அரைத்துச் சேர்ப்பார்கள். காய்கறி சூப்புக்கு அடி நீர் கோழி எலும்பாகவோ நெத்திலியாகவோ இருக்கலாம். சீன முறையில் வதக்கிய சாவியில் சிப்பிச் சாறு, அதாவது ‘சோஸ் திராம்’, சேரும். நாசி லெமாக் சோறு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மேலே ஊற்றும் சம்பல்தான் பிரச்சினை. தெம்பேயும் தவுவும் போட்ட ‘சம்பால் கோரேங்’ பார்ப்பதற்குச் சுத்த சைவம்போல் இருக்கும். ஜாவா முறையில் செய்தால் அதில் மாட்டு நுரையீரல்கூடச் சேர்ப்பது உண்டு.

ஹலால் முத்திரை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அது வேறொரு சமயத்தின் விதியைக் காக்கும் முத்திரை. ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகள் ஆகியவற்றில் அது சேரும். மாட்டிறைச்சியைத் தொடாத குடும்பத்துப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே சாப்பிட்டுவிடுகிறார்கள். பொட்டலத்தில் ஈ441 என்று இருந்தால் ஜெலட்டின். ஈ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். உடனடி மீயின் மசாலாவில் வரும் ஈ631 மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ வரலாம்; மரவள்ளியை நொதிக்கவைத்தும் தயாரிக்கப்படலாம். பொட்டலத்தில் சைவக் குறி இல்லாவிட்டால் அதை உறுதி செய்ய வழியில்லை.

சீனர்களின் சைவக் கடை பக்கத்தில் இருந்தால் பெரிய உதவி. பௌத்த முறைப்படி சமைப்பதால் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ஆம் நாளும் அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும். கோழி, மீன் வடிவத்தில் இருப்பதைக் கண்டு நம் பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள்; அவை சோயாவும் கோதுமைப் புரதமும்தான். ஆனால் சிலவற்றைப் பிடித்து நிறுத்த முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கப்படுகிறது. முட்டை விலக்குபவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “சாயா வெஜிடேரியன்” என்று சொன்னால் பல கடைக்காரர்களுக்கு அது ‘இறைச்சித் துண்டு வேண்டாம்’ என்று மட்டுமே புரியும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும்: “ஆடா பெலாச்சான்? ஆடா உடாங் கெரிங்? பாக்காய் சோஸ் திராம்?” மாமாக் கடையில் ரொட்டிக்குப் பருப்புக் கறி மட்டும் வேண்டும், மற்ற குழம்போடு கலக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு சொல்வதில் பயனில்லை. மீன் பொரித்த எண்ணெயிலேயே தெம்பேயைப் பொரிப்பதும், ஒரே அகப்பையை எல்லாத் தட்டுகளிலும் போடுவதும் அன்றாடம் நடப்பவை. அதை ஏற்பதா விலக்குவதா என்பது அவரவர் விரதத்தைப் பொறுத்தது.

இத்தனை கேள்வி கேட்க வெட்கப்பட்டு, வெறும் சோறும் கோவிஸ் பிரட்டலுமாக ஒரு பருவத்தையே ஓட்டும் மாணவர்கள் உண்டு. பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. 200 கிராம் சோற்றில் கிடைப்பது 5 கிராம் அளவுதான். கோவிஸில் சொல்லும்படி ஒன்றுமில்லை. 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவு இருக்கிறது, விலையும் மலிவு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை பாலில் 8 கிராம். தண்ணீராக ஊற்றும் பருப்புக் கறியைப் பெரிதாக நம்ப முடியாது. கெட்டியான பருப்பு வேறு. பாலும் முட்டையும் கூட விலக்கும் நனிசைவர்களுக்கு பி12 ஊட்டச்சத்து தனியாகத் தேவைப்படும். காய்கறியிலோ பருப்பிலோ அது கிடைப்பதில்லை. சோறு சாப்பிட்ட கையோடு தே தாரேக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். தேநீரைச் சற்றுத் தள்ளிக் குடிக்கலாம்.

அறையில் சமைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பெரும்பாலான விடுதிகளில் அதற்கு அனுமதி இல்லை, ரைஸ் குக்கர் பிடிபட்டால் பறிமுதல்தான். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பருப்புப் பொடி, வறுத்த கடலை, ஓட்ஸ் ஆகியவை ஓரளவு கைகொடுக்கும்.

மற்ற நாடுகளில் இந்த மாற்றம் வேறு காரணத்தால் வந்தது. பருவநிலை மாற்றத்தை முன்னிட்டு, பெர்லின் பல்கலைக்கழகங்களின் 34 உணவகங்கள் 2021 அக்டோபரில் பட்டியலை மாற்றின. உணவில் 96 விழுக்காடு நனிசைவமும் சைவமும் ஆனது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாட்டு விற்பனையை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நான்கு உணவில் ஒன்றாக இருந்த சைவத்தை இரண்டாக்கியதும் அதன் விற்பனை 41 முதல் 79 விழுக்காடு வரை உயர்ந்தது. உணவகங்களின் மொத்த விற்பனை பெரிதாக மாறவில்லை. ‘சைவத்தை யார் வாங்குவார்கள்?’ என்று கேட்கும் குத்தகைக்காரருக்குக் காட்ட இதைவிட நல்ல கணக்கு இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உறைவிடக் கல்லூரிகளில் சாப்பாட்டுத் திட்டம் கட்டாயம். அங்கே சைவத்துக்கும் தனிப் பிரிவு உண்டு.

மலேசிய வளாகங்களில் மாணவர் சங்கங்கள் தனிச் சைவக் கடை கேட்டு மனு கொடுத்தால், இடமில்லை, ஆள் இல்லை என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அதைவிடச் சிறிய கோரிக்கை பலிக்கும். பெலாச்சான் போடுவதற்கு முன்பே ஒரு தட்டுக் காய்கறியைத் தனியாக எடுத்துவைப்பது, புதிய எண்ணெயில் காலையில் முதலில் தெம்பேயையும் தவுவையும் பொரிப்பது, கெட்டிப் பருப்பு ஒரு சட்டி, அவற்றுக்கென ஓர் அகப்பை, மேலே ஓர் அட்டை. கேண்டீன் குத்தகை புதுப்பிக்கப்படும் சமயத்தில் மாணவர் பிரதிநிதி மன்றத்தின் வழியாக இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் அடுத்த குத்தகைவரை காத்திருக்க வேண்டியதுதான்.