ஆணியும் தாரும்: ஜப்பானின் குளிர்கால டயர்ச் சட்டம்

உறைபனி படிந்த சாலையில் வண்டி வழுக்காமலிருக்க, டயரின் ரப்பர்ப் பரப்பில் கடின உலோக முனை கொண்ட சிறு ஆணிகளைப் பதிக்கும் முறை 1960களில் ஜப்பானில் அறிமுகமாகி, 1970களில் அந்நாட்டின் குளிர்ப் பகுதிகளில் பரவலாயிற்று. அதற்கு முன் பனி கண்ட இடத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றி, பனி தீர்ந்த இடத்தில் அதைக் கழற்றிவந்த ஓட்டுநர்களுக்கு, ஒருமுறை மாட்டினால் குளிர்காலம் முழுதும் கழற்ற வேண்டாத ஆணி டயர் பெரும் வசதியாக அமைந்தது. தொல்லைக்கு வித்திட்டதும் அந்த வசதியே.

மியாகி மாகாணத் தலைநகரான செண்டாயில் குளிர் கடுமையெனினும் பனிப்பொழிவு மிகுதியன்று. ஆகவே பனியற்ற வெறும் சாலையில் ஓடிய ஆணிகள் தாரையும் அதில் பதிந்த கல்லையும் உரசித் தூளாக்கின. சாலைக் கோடுகள் அழிந்தன, சக்கரத் தடங்கள் பள்ளமாயின, சாலை காய்ந்ததும் எழுந்த புழுதியால் அந்நகருக்குச் 'செண்டாய்ப் பாலைவனம்' என்ற பெயரே வழங்கலாயிற்று. இத்தகைய டயரைக் கட்டுப்படுத்தும் விதியை நாட்டிலேயே முதலாவதாக 1985இல் மியாகி மாகாணம் இயற்றியது. 1988இல், மாசு சார்ந்த பிணக்குகளைத் தீர்க்கும் தேசிய ஆணையத்தின் முன் ஏற்பட்ட சமரசத்தின்படி, உள்நாட்டு நிறுவனங்கள் 1990 இறுதியோடு உற்பத்தியை நிறுத்த இசைந்தன.

1990 ஜூனில் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டம், ஆணி டயரை அறவே விலக்காமல், அது ஓடும் தரையை அளவுகோலாகக் கொண்டது. அரசு குறித்த பகுதிகளில், பனியோ உறைவோ இல்லாத தார், சிமென்ட் சாலைகளில் அதனைப் பயன்படுத்துவது குற்றமாயிற்று. மலைச்சாலையில் வருபவர் சுரங்கப்பாதைக்குள் டயரை மாற்ற இயலாதாகையால், அவ்விடத்துக்கு விலக்களிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் விலக்குப் பெற்றன. 1991 ஏப்ரல் முதல், மீறுவோருக்கு 1,00,000 யென் வரை அபராதம் விதிக்கவும் வழி பிறந்தது.

புழுதி அடங்கியது, ஆனால் பனி மிகுந்த சப்போரோவில் வேறொரு சிக்கல் முளைத்தது. முன்பு பனித்தரையைக் கீறிச் சொரசொரப்பாக்கிய ஆணிகள் மறைய, ஆணியில்லா டயர்கள் நின்று கிளம்பும் நாற்சந்திகளில் இறுகிய பனி கண்ணாடிபோல் மெருகேறியது. கல் தூளாவதைத் தடுக்க எழுந்த சட்டத்துக்குப் பின், பாதசாரிகள் தாமே எடுத்துத் தூவிக்கொள்வதற்காக, பொடிக்கல் பொட்டலங்கள் நிரப்பிய பெட்டிகள் அந்நகரின் தெருமுனைகளில் வைக்கப்படலாயின.