ஓடும் வீட்டுக்குள்ள ஆள் உட்காரலாமா? கேரவன் டிரெய்லரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்குது. முன்னாடி கார் இழுக்குது. பின்னாடி ஒரு கேரவன் டிரெய்லர். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் இருக்கு. எட்டு மணி நேரப் பயணம். குழந்தைகளை அந்தக் கட்டில்ல தூங்க வச்சுட்டு நாம காரை ஓட்டலாமா? அமெரிக்காவுல லாங் வீக்கெண்டுக்கு இந்த வண்டியை வாடகைக்கு எடுக்கிற யாருக்கும் வரக்கூடிய கேள்விதான்.

முதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற வேன். நான் சொல்றது அது இல்ல. அமெரிக்காவுல இதுல மூணு வகை உண்டு. சொந்த இன்ஜின் உள்ளது மோட்டார்ஹோம். பிக்கப் டிரக்கோட முதுகுல ஏத்தி வைக்கிற பெட்டி டிரக் கேம்பர். இன்ஜினே இல்லாம கார் இழுத்துட்டுப் போறது டிராவல் டிரெய்லர். பிரச்சினை முக்கியமா மூணாவதுலதான்.

ஆச்சரியம் என்னன்னா, டிரெய்லருக்குள்ள ஆள் உட்கார்ந்து போறதுக்காகவே ஒருத்தர் வண்டி கட்டியிருக்கார்.

விமானக்காரர் கட்டிய டிரெய்லர்

அவர் பெயர் கிளென் கர்ட்டிஸ். அமெரிக்க விமான வரலாற்றுல ரைட் சகோதரர்களுக்குப் போட்டியா நின்னவர். 1920-களில் ஃப்ளோரிடாவுக்கு வந்து ஓபா-லோக்கா மாதிரி ஊர்களை உருவாக்கினார். அங்கேதான் 1928 வாக்கில் ஏரோகார்னு ஒரு டிரெய்லரைத் தயாரிக்க ஆரம்பிச்சார். விமான உடம்பு கட்டுற அதே முறை: மெல்லிய மரச் சட்டம், அதை இறுக்கிப் பிடிக்கிற கம்பிகள். எடை குறைவு, உறுதி அதிகம்.

இணைப்புதான் இதுல ரொம்ப அழகான விஷயம். காரோட பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு விமான டயரைப் படுக்க வச்ச மாதிரி பொருத்தினார். டிரெய்லரோட மூக்கு அந்தச் சக்கரத்தோட நடுவுல வந்து உட்காரும். ரோட்டுல வர்ற குலுக்கலை காத்தடிச்ச டயர் வாங்கிக்கும். உள்ளே இருக்கிறவங்க டிரைவரோட பேச டெலிபோன் வச்ச ஏரோகார்களும் இருந்தன. அதாவது, பின்னாடி மனுஷங்க இருப்பாங்கன்னு நினைச்சே செஞ்ச டிசைன். கர்ட்டிஸ் 1930-ல் இறந்துட்டார்.

வீடா, வண்டியா?

சந்தையில ஜெயிச்சது வேற மாதிரி டிரெய்லர். டெட்ராய்ட்ல ஆர்தர் ஷெர்மன்னு ஒரு பாக்டீரியா ஆய்வாளர். தான் வாங்கின கேம்பிங் டிரெய்லர் பிடிக்காம, சொந்தமா ஒரு பெட்டி வீடு கட்டினார். 1930-ல் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவுல காட்சிக்கு வச்சார். சில வருஷத்துல அவரோட கவர்ட் வேகன் கம்பெனி நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனிகள்ல ஒண்ணாச்சு. 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வந்தது. இன்னும் 20 வருஷத்துல பாதி அமெரிக்கா டிரெய்லர்லதான் வாழும்னு ரோஜர் பாப்சன்ங்கிற பொருளாதார நிபுணர் அப்போ ஆரூடம் சொன்னார்.

இவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடத்துல நிறுத்தி வாழுறதுக்கான பெட்டிகள். அதனால சட்டத்துக்கு வந்த முதல் தலைவலியே வேற: இது வீடா, வண்டியா? 1936-ல் மிச்சிகன் மாநிலம் ஆர்ச்சர்ட் லேக்ல ஒரு வழக்கு. ஏரிக்கரையில நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லரை, மனிதர் வசிக்கும் வீடுன்னே நீதிபதி தீர்ப்பு சொன்னார். அப்போ அந்த வீடு ஓடும்போது உள்ளே ஆள் இருந்தா?

ஏன் ஆபத்து

இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங். சாதாரண டிரெய்லர் காரோட பம்பருக்குப் பின்னாடி ஒரு இரும்பு உருண்டையில மாட்டியிருக்கும். அந்த இடம் பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல பின்னாடி. டிரெய்லர் ஒரு பக்கம் ஆடினா காரோட வாலைத் தள்ளும். கார் திரும்பும், அந்தத் திருப்பம் மறுபடி டிரெய்லரை ஆட்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இந்த ஆட்டம் தானா அடங்கிடும். அதைத் தாண்டினா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசாகும். கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு 55 மைல்தான் உச்ச வேகம்.

இந்த ஆட்டத்தை அடக்குறதுல எடை எங்கே இருக்குங்கிறது முக்கியம். டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் முன்னாடி அந்த உருண்டை மேல அழுத்தணும்னு சொல்வாங்க. நான் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன். 1,500 கிலோ டிரெய்லர், உருண்டை மேல 150 கிலோ. உருண்டைக்கும் டிரெய்லர் அச்சுக்கும் 4 மீட்டர் தூரம். இப்போ 70 கிலோ ஆட்கள் மூணு பேர் அச்சுக்கு 2 மீட்டர் பின்னாடி இருக்கிற கட்டில்ல போய் உட்கார்றாங்க. முன் அழுத்தம் 105 கிலோ குறையும். மிச்சம் 45 கிலோ, அதாவது 3 சதவீதம்கூட இல்ல. உள்ளே இருக்கிற ஆட்களே வண்டியை நிலைகுலைய வைக்கலாம். அதுவும் நடந்துட்டே இருக்கிற எடை. டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

சட்டம் என்ன சொல்லுது

1966-ல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. 1968 ஜனவரி 1 முதல் புதுக் கார்கள்ல சீட் பெல்ட் இருக்கணும்னு ஆச்சு. பயணிகளைக் காப்பாத்துற இந்தத் தரவிதி கார், டிரக், பஸ் மாதிரி வண்டிகளுக்கு. டிரெய்லர் அதுல கிடையாது. ஆனா மத்திய அரசு விதியில டிரெய்லருக்கு இருக்கிற வரையறையைப் படிச்சா, ஆட்களையோ பொருளையோ ஏத்த வடிவமைச்ச வண்டின்னு இருக்கு. வரையறையில மனுஷன் இருக்கான், அவனைக் காப்பாத்துற விதி இல்ல. நான் தினமும் கோட் எழுதுற ஆள். இந்த மாதிரி ஓட்டையைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வராது.

அந்த ஓட்டையை மாநிலங்கள் நேரடித் தடையால அடைச்சாங்க. பல மாநிலங்களுக்கு மாதிரியா இருந்த யூனிஃபார்ம் வெஹிக்கிள் கோட், ரோட்டுல போற டிரெய்லர் வீட்டுக்குள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு ஒரே வரியில முடிக்குது. டெக்சாஸ் சட்டமும் அப்படித்தான். பிரிட்டன்ல 1986 விதிகள்படி, நாலு சக்கரத்துக்குக் குறைவான கேரவன்ல ஓடும்போது பயணிகள் கூடாது.

கலிஃபோர்னியா ஒரு விதிவிலக்கு வச்சிருக்கு. பின் அச்சுக்கு மேலே மாட்டுற ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லர்ல ஆள் போகலாம், மூணு நிபந்தனையோட. கண்ணாடி எல்லாம் பாதுகாப்புக் கண்ணாடியா இருக்கணும். டிரைவரைக் கூப்பிட மணியோ விளக்கோ இருக்கணும். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கிற, அடைபடாத வாசல் ஒண்ணாவது இருக்கணும். பின் அச்சு மேல இணைப்பு, டிரைவரைக் கூப்பிட ஒரு வழி. ரெண்டும் கர்ட்டிஸ் யோசிச்ச விஷயங்கள். டிரக் கேம்பருக்கும் கலிஃபோர்னியாவுல இதே மாதிரி வாசல் நிபந்தனை உண்டு.

ஆனா அந்த மூணு நிபந்தனையைத் திரும்பப் படிங்க. தீப்பிடிச்சா வெளியே வரலாம். உடம்பு சரியில்லைன்னா டிரைவரைக் கூப்பிடலாம். மோதினா? அதுக்கு அந்தப் பட்டியல்ல ஒண்ணுமே இல்ல. சீட் பெல்ட் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கட்டில்ல தூங்குற குழந்தை காரோட அதே வேகத்துலதான் போயிட்டிருக்கு. கார் சடன் பிரேக் போட்டா கட்டில் நிக்கும், குழந்தை நிக்காது. கூடவே அலமாரியும் பாத்திரமும் பறக்கும். சுவர்கள் மெல்லிய சட்டமும் தகடும்தான்.

அதனால ஒரு மாநிலத்துல சட்டம் அனுமதிக்குதுங்கிறது, அது பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல. மாநில எல்லை தாண்டினா சட்டமும் மாறும், ஆனா இயற்பியல் மாறாது. ரோட்டுல இருக்கும்போது எல்லாரும் காருக்குள்ள, பெல்ட் போட்டு, சின்னக் குழந்தைன்னா சைல்ட் சீட்ல. தூக்கம் வந்தா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு, எல்லாருமே பின்னாடி போய்த் தூங்குங்க. அந்தக் கட்டில் அதுக்குத்தான்.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு வண்டியோட கதையோட வர்றேன். பத்திரமா ஓட்டுங்க மக்களே.