சாயம் காட்டிய கலம்

மனித உடலில் உறுப்பை உறுப்போடு பிணைத்துத் தாங்கி நிற்பது தொடுப்பிழையம். நாரை ஆக்கும் கலம், கொழுப்பைச் சேமிக்கும் கலம், கிருமியை விழுங்கும் கலம் எனப் பல்வகைக் கலங்கள் அதில் உறைகின்றன. அவற்றுள் ஒன்று, தனக்குப் பொருந்தாத பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியில் சாயத்தொழில் பெருவளர்ச்சி கண்டது. துணிக்கென ஆக்கப்பட்ட அனிலீன் சாயங்களை இழையத் துண்டுகளுக்கு ஊட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்கினார் போல் ஏர்லிக் என்னும் மருத்துவ மாணவர். தொடுப்பிழையத்தின் சில கலங்களில் செறிந்திருந்த சிறுமணிகள் சாயத்தின் நிறத்தைக் காட்டாது வேறொரு நிறம் காட்டின. 1878 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அவற்றைத் தனிவகைக் கலங்களென அவர் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 24. மிகையான ஊட்டத்தாலேயே அம்மணிகள் நிறைந்தன எனக் கருதி, விலங்குகளைக் கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லால் அவற்றுக்கு 'மாஸ்ற் கலம்' எனப் பெயரிட்டார்.

அக்கருத்து நிலைக்கவில்லை. 1953 இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் ரைலி, வெஸ்ற் ஆகிய இருவரும் இக்கலங்களில் ஹிஸ்டமின் உண்டெனக் காட்டினர். ஒவ்வாமையால் எழும் தும்மலுக்கும் தோற்றடிப்புக்கும் காரணமாகும் பொருள் அது. கொழுத்துக் கிடந்த கலமன்று. உடலைக் காப்பதும், சிலவேளை அதனையே வருத்துவதுமான காவற்கலம் என்பது தெளிவாயிற்று.

1915 இல் மறைந்த ஏர்லிக் இதனை அறிந்திலர். ஆயினும், விளக்கம் வழுவியபோதும் கண்டதைக் கண்டவாறே அவர் எழுதிவைத்தமை பின்வந்தோர்க்கு வழியாயிற்று.