தூரம் ஒன்று, நேரம் பல

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். பள்ளியில் நாம் கற்ற இந்தக் கணக்கை விமானப் பயணத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். லண்டனின் ஹீத்ரு விமான நிலையத்துக்கும் பாரிசின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் இதனை 26 நிமிடங்களில் கடந்துவிட வேண்டும். ஆனால் கால அட்டவணையோ சுமார் ஒன்றேகால் மணி என்கிறது. மீதி நேரம் எங்கே போகிறது? விடை காண இப்பாதையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் பயணம்

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து பாரிசை அடுத்த லெ பூர்ஜேக்கு ஒரு சிறு விமானம் புறப்பட்டது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே தினசரி விமானப் போக்குவரத்து அன்று தொடங்கியது. பயணி ஒரே ஒருவர். உடன் சென்றவை செய்தித்தாள்கள், தோல், பாலேடு, காட்டுக்கோழிகள். பயண நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி. அதாவது சராசரி வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர்தான்.

காற்றும் அக்காலத்தில் பெருந்தடையாக இருந்தது. விமானத்தின் வேகம் 160, எதிர்க்காற்றின் வேகம் 40 என்று கொள்வோம். போவதற்கு 2 மணி 55 நிமிடம். அதே காற்று பின்னின்று தள்ள, திரும்புவதற்கு 1 மணி 45 நிமிடம். போய்வந்த 700 கிலோமீட்டருக்கும் சராசரி வேகம் 150தான்! போகும்போது இழந்ததைக் காற்று திரும்பும்போது முழுதும் ஈடுசெய்வதில்லை.

ஒரு துயரப் பாடம்

அந்நாள் விமானிகள் மேகமூட்டத்தில் தாழப் பறந்து, தரையிலுள்ள சாலைகளையும் ரயில் பாதைகளையும் பார்த்தே வழி அறிந்தனர். 1922 ஏப்ரல் 7 அன்று வடபிரான்சில், பனிமூட்டத்தில், லண்டனிலிருந்து வந்த விமானமும் பாரிசிலிருந்து சென்ற விமானமும் நேருக்கு நேர் மோதின. எழுவர் மாண்டனர். விமானங்களில் வானொலிக் கருவி தேவை, வான்வழிகளைத் தெளிவாக வகுக்க வேண்டும் என்ற கருத்து இதன் பின் வலுப்பெற்றது.

இன்றைய கணக்கு

இன்று விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் நேரம் வேண்டும். சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதற்குப் பொதுவாக அனுமதியில்லை. நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கிடையே பக்கவாட்டில் சுமார் 5 கிலோமீட்டர், அல்லது உயரத்தில் 300 மீட்டர் இடைவெளி காக்கப்படுகிறது. 350 கிலோமீட்டர் பாதையில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. முழுவேகத்தில் பறப்பது சிறிது நேரமே. எனவேதான் விமானத்தின் வேகம் நான்கு மடங்குக்கு மேல் பெருகியும் பயண நேரம் பாதியாக மட்டுமே குறைந்துள்ளது. 1994இல் கடலடிச் சுரங்கத்தின் வழியே ஓடத் தொடங்கிய ரயில், இன்று நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணியில் சென்று விமானத்தோடு போட்டியிடுவதும் இதனால்தான்.

ஆகவே, 26 நிமிடத்துக்கு மேற்பட்ட நேரத்தை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு பகுதி ஏறி இறங்குவதற்கு இயற்கை கேட்கும் நேரம். மற்றொரு பகுதி, 1922இல் எழுவர் உயிரிழந்து நமக்குக் கற்பித்த எச்சரிக்கைக்கு நாம் அளிக்கும் விலை.