மஞ்சக்குப்பமும் தேர் வீதியும்

கடலூருக்கு வரும் வெளியூர்க்காரருக்கு நாம் காட்டும் இடங்கள் பெரும்பாலும் கெடிலத்துக்கு வடக்கேதான் இருக்கின்றன: மஞ்சக்குப்பம் மைதானம், வெளியே நின்று பார்க்கும் கலெக்டர் பங்களா, தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம், சாயங்காலத்தில் சில்வர் பீச். சிதம்பரத்தில் கோயிலையும் அதைச் சுற்றிய நாலு தேர் வீதிகளையும் காட்டுகிறோம். இரண்டுமே அந்தந்த ஊரில் மதிப்பான பகுதிகள். ஆனால் மஞ்சக்குப்பத்துக்கு மதிப்பு வந்தது விலகி நின்றதால். தேர் வீதிக்கு வந்தது ஒட்டி நின்றதால்.

1690இல் செஞ்சி மராட்டியரிடம் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் கிரயத்தில் சேர்ந்தன. எந்தப் பீரங்கி என்று விற்றவர்கள் கேட்டு வைக்கவில்லை போலும். கம்பெனி தொலைவாகச் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து அனுப்பியது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்த வியாபாரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணம் புரண்டதெல்லாம் தெற்கே, துறைமுகமும் துணி வியாபாரமும் இருந்த பழைய கடலூரில். அந்தப் பணத்தில் வாழ்ந்த துரைகளோ கோட்டைக்கு ஒன்றரை மைல் தள்ளி மஞ்சக்குப்பத்தில் தோட்ட மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை அந்த மாளிகையைப் பிடித்து, களைப்பாற உட்கார்ந்த நேரத்தில் ஆர்க்காட்டு நவாபின் படை வருகிறது என்று கேட்டு அவசரமாகப் பின்வாங்கியது.

கோட்டை இருந்ததால்தானே மஞ்சக்குப்பம் வளர்ந்தது, விலகல் எங்கே வந்தது என்று கேட்கலாம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். துரைகள் காவலுக்காக மட்டும் அங்கே இருந்திருந்தால், அதன்பின் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிற்பாடு தென்னார்க்காட்டு ஜில்லாவின் கலெக்டர் குடியிருந்ததும் அதே தோட்ட மாளிகையில்தான். கச்சேரிகளும் மைதானமும் அதைச் சுற்றியே அமைந்தன. கோட்டை போயிற்று, தோட்டம் நின்றது. சந்தை இரைச்சல் எட்டாத இடம் என்பதே அதன் பெருமை.

சிதம்பரத்துக் கீழ வீதியிலோ மேல வீதியிலோ வீடு வைத்திருந்தவருக்கு இரைச்சல்தான் பெருமை. மற்ற ஊர்களில் உற்சவர் வீதிக்கு வருவார். இங்கே ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே சிவகாமியோடு தேரேறுகிறார். ஐந்து தேர்கள் நிலைக்குத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வழியில் பர்வதராஜ குலத்து மீனவர்கள், அம்மன் தங்கள் வீட்டுப் பெண் என்று சீர் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஆனால் இந்த நெருக்கம் யாருக்கு வாய்த்தது என்ற கேள்வி நியாயமானது. நந்தனார் கதையே ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தவரின் கதை. சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கியது தேர் வீதியில் அல்ல, நந்தனார் தீக்குளித்ததாகச் சொல்லப்படும் ஓமக்குளத்துப் பக்கம். ஆகவே தேர் வீதியும் சிலரைத் தள்ளி வைத்தே மதிப்புப் பெற்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்றாலும் ஒரு வித்தியாசம் உண்டு. மஞ்சக்குப்பத்தில் தள்ளிப் போனவர் அதிகாரம் உள்ளவர். சிதம்பரத்தில் தள்ளி நிறுத்தப்பட்டவர் அது இல்லாதவர்.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தபோது சிதம்பரமும் மஞ்சக்குப்பத்து வழிக்குத் திரும்பியது. ரயில் பாதைக்குக் கிழக்கே, வீதிகளின் சந்தடி எட்டாத அகன்ற சாலைகளோடு அண்ணாமலை நகர் எழுந்தது. அதைப் பார்க்க எந்த நாளும் போகலாம். தேர் வீதியைப் பார்க்க நினைப்பவர் மட்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுவது நல்லது. மற்ற நாட்களில் அது கடைகள் நிறைந்த ஒரு கடைத்தெரு.